மொழி தெரிந்த பிள்ளைக்கும் இந்த இடைவெளி உண்டு
பிள்ளைகள் தாய்மொழியை மறப்பதால்தான் புலம்பெயர்ந்த குடும்பங்களில் தலைமுறை இடைவெளி வருகிறது என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. நான் தாய்மொழியைச் சரளமாகப் பேசி வளர்ந்தவள். இந்த நாட்டு மொழியும் தாய்மொழியும் தெரிந்ததாலேயே வரி, வாடகை, காப்பீடு என்று வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் என் கையில்தான் கொடுக்கப்பட்டது. அம்மாவின் பரிசோதனை முடிவை டாக்டர் சொன்னபோது, அதை அம்மாவுக்கு எடுத்துச் சொன்னது புத்தகப் பையோடு நின்ற நான்தான். அம்மா டாக்டரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியில் குடும்பத்துக்காகப் பேசுகிற பிள்ளையை வீட்டுக்குள் வந்ததும் "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்று அடக்கும்போதுதான் விரிசல் விழுகிறது. சமூகவியலாளர்கள் அலெஹான்ட்ரோ போர்ட்டஸும் ரூபன் ரம்பாவுட்டும் 1992இல் அமெரிக்காவின் மயாமி, சான் டியேகோ பகுதிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகளான 5,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். புதிய நாட்டின் பேச்சிலும் நடைமுறையிலும் பிள்ளை முந்திக்கொள்ள, பெற்றோர் பிள்ளையையே நம்பியிருக்க நேர்வதை இந்த ஆய்வாளர்களும் பேசியிருக்கிறார்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர், பிள்ளைகளுக்கு வார இறுதி தாய்மொழி வகுப்பு போதும் என்கிறார். சரி, வகுப்பு நல்லதுதான், ஆனால் இந்தச் சுமையை அது இறக்கி வைக்காது. அவசர நேரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக மருத்துவமனைகள் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 2016இல் விதியே வந்தது. மருத்துவமனையே மொழிபெயர்ப்பாளரைத் தருகிற இடத்தில் பெற்றோர் தயங்காமல் அந்த உதவியைக் கேட்க வேண்டும். அப்புறம், கடிதத்தைப் படிக்கச் சொல்லி நீட்டுகிற அப்பா, அந்தப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யும்போதும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.