பூசாத சுவர் எதையும் மறைக்காது

ரொறன்ரோவில் வீடு வாங்குபவர்கள் வேலை முடிந்த நிலக்கீழ்த் தளம் உள்ள வீட்டையே தேட வேண்டும், வாடகைக்கு விட்டால் கடன் தவணை இலகுவாகும் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. கிளிநொச்சியில் மேசன் வேலை செய்யும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. என் தங்கையும் அங்கே வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை முடியாத தளத்தில் சுவர் வெடிப்பு, ஈரக்கசிவு, உப்புப் பூத்த வெள்ளைத் தடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஜிப்சம் பலகை அடித்து, வர்ணம் பூசி, தரைவிரிப்பும் போட்ட பிறகு அவற்றை யார் காண்பது? 2013 ஜூலை மழையில் ரொறன்ரோவில் ஏராளமான நிலக்கீழ்த் தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது இங்கே நனைந்த சுவர்கள் உலருமுன் பூசப்பட்டன. அந்தப் பூச்சு பொருமி உதிர்ந்ததைக் கண்ணால் கண்டவன் நான்.

முடிந்த தளம்தான் வேண்டுமென்றால், அந்த வேலைக்கு நகரசபை அனுமதி பெற்றார்களா என்று முதலில் கேளுங்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் விதிப்படி, படுக்கையறை உள்ள தளத்தில் நேரே வெளியேறும் கதவில்லையென்றால், குறைந்தது ஒரு யன்னலின் திறப்பாவது 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அகலமோ உயரமோ 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தீப்பிடித்தால் உயிர் தப்பும் வழி அதுதான். அந்த அறைகளில் வாடகைக்கு இருப்பவர்களில் இங்கிருந்து புதிதாகப் போன பிள்ளைகளும் உண்டு. கட்டுரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லையே!

முடியாத தளத்தை வாங்கி, ஒரு மழைக்காலமும் பனி உருகும் காலமும் கடந்த பிறகே பலகை அடிக்கும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.