ஆலிவ் இலையின் கறுப்புப் படலம்: அடிப்படைக் காரணம் பூச்சி

ஆலிவ் இலைகளில் படியும் கறுப்புப் படலம் மரத்துக்கு வந்த நோய், பூஞ்சைக்கொல்லி அடித்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கறுப்பாகத் தெரிவது பூஞ்சைதான், அதுவரை சரி. ஆனால் அது இலைக்குள் புகுவதில்லை. பெரும்பாலும் கருஞ்செதில் பூச்சி (கிளையில் செதில்போல் ஒட்டி வாழும் சிறு பூச்சி) மரத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் இனிப்புக் கழிவின் மேல்தான் வளர்கிறது. பூச்சி இருக்கும்வரை படலம் திரும்பத் திரும்ப வரும், மருந்துக் காசு வீண்.

நீங்களே சோதிக்கலாம். ஈரத்துணியால் இலையை அழுத்தித் துடையுங்கள். கறுப்பு துணியோடு வந்துவிடும், கீழே பச்சை தெரியும். அப்புறம் இளங்கிளைகளைப் பாருங்கள். மிளகளவில் கரிய மேடுகளும், அவற்றின் முதுகில் ஆங்கில எச் எழுத்தைப் போன்ற வரம்பும் இருந்தால் அந்தப் பூச்சியேதான். நெருக்கமான உள்கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். குஞ்சுகள் ஊரும் பருவத்தில் தோட்டக்கலை எண்ணெய் (பூச்சியைக் கொல்லச் செடிகளில் தெளிக்கும் எண்ணெய்) தெளியுங்கள்.