சுண்டெலிகளை ஒழிப்பது கொடுமைதான், இருந்தும் ஒழிக்க வேண்டும்

கடல்தீவுகளில் எலிகளை நஞ்சு வைத்து ஒழிக்கும் திட்டங்கள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்" என்ற குரல் தவறாமல் எழுகிறது. அது உயிர்களின் மீதுள்ள இரக்கத்தில் பிறக்கும் குரல் என்பதால் அதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. ஆனால் காஃப் தீவில் நடப்பதை அறிந்த பிறகு அதை ஏற்கவும் முடியவில்லை.

தெற்கு அட்லாண்டிக்கில், கேப்டவுனிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தொலைவில், பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட டிரிஸ்டன் ட குன்யா தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது காஃப். ஒரு வானிலை நிலையத்தின் ஊழியர்களைத் தவிர அங்கே மனிதர்கள் இல்லை. உலகில் எஞ்சியிருக்கும் டிரிஸ்டன் அல்பட்ராஸ் பறவைகள் அநேகமாக அனைத்தும் இந்த ஒரே தீவில்தான் முட்டையிடுகின்றன. சிறகு விரித்தால் மூன்று மீட்டர் அளவுக்கு நீளும் இப்பறவை, ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்; குஞ்சு வளர்ந்து பறக்க எட்டு மாதங்கள் போல ஆகும் என்பதால், வெற்றிகரமாகக் குஞ்சு பொரித்த இணை மறு ஆண்டு முட்டையிடுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்கு வந்த கப்பல்களோடு சுண்டெலிகளும் இத்தீவில் இறங்கின. எதிரிகளே இல்லாத அத்தீவில் அவை தலைமுறை தலைமுறையாகப் பெருத்து, வழக்கமான வீட்டுச் சுண்டெலியைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடையை எட்டிவிட்டன. குளிர்காலத்தில் விதையும் பூச்சியும் அரிதாகும்போது, இரவுகளில் கூட்டமாக வந்து, கூட்டில் தனியே அமர்ந்திருக்கும் குஞ்சின் உடலைக் கடித்துப் புண்ணாக்கி, உயிரோடிருக்கும்போதே தின்னத் தொடங்குகின்றன. தன்னைக் கடிக்கும் எலியைவிடக் குஞ்சு நூறு மடங்குக்கும் மேல் கனமானது. ஆனால் நிலத்தில் வாழும் பாலூட்டி எதையும் கண்டிராத பரம்பரையில் வந்ததால், எழுந்து விலகவோ அலகால் கொத்தி விரட்டவோ அதற்குத் தோன்றுவதில்லை. பல இரவுகள் நீளும் இந்தச் சாவைத்தான் "இயற்கையின் போக்கு" என்கிறோம். கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டது மனிதன் அல்லவா?

அனைத்துக் கடற்பறவைகளையும் சேர்த்து, ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளும் குஞ்சுகளும் அங்கே எலிகளுக்கு இரையாவதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

2021ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஹெலிகாப்டர்களிலிருந்து நஞ்சு கலந்த இரையைத் தீவு முழுவதும் தூவினார்கள். அந்தத் தீவுக்கே உரிய நிலப்பறவைகளான காஃப் பன்டிங்கையும் காஃப் நீர்க்கோழியையும் முன்கூட்டியே பிடித்து, கூண்டுகளில் வைத்துக் காத்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில், தானியங்கி கேமராவில் ஓர் எலி பதிவானது. ஒரு சினையெலி தப்பினாலும் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதுதான் இந்த வேலையின் கடுமை. உழைப்பு முழுவதும் வீண் என்று பலர் முடிவுகட்டினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. எலிகள் குறைந்திருந்த அடுத்த பருவத்தில் அல்பட்ராஸ் குஞ்சுகள் முன்பைவிடக் கணிசமாகத் தப்பிப் பிழைத்தன. கேடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மேலும், காஃபைவிடப் பரப்பில் பெரிய மக்வாரி தீவு 2014இலும், அதனினும் பன்மடங்கு பெரிய தென் ஜார்ஜியா 2018இலும் எலிகள் நீங்கியவையாக அறிவிக்கப்பட்டுவிட்டன.

அந்த நஞ்சு உள்ளுக்குள் குருதிக் கசிவை உண்டாக்கிச் சில நாள் வதைத்தே கொல்கிறது என்பதையும், வேறு சில பறவைகளும் அதற்குப் பலியாகும் என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும், ஒரு தலைமுறை எலிகளின் சாவுக்கும், முடிவே இல்லாமல் ஆண்டுதோறும் தொடரும் குஞ்சுகளின் சாவுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலையில், மீண்டும் ஒருமுறை முயல்வதுதான் சரி என்பது என் கருத்து.

எலிகள் நீங்கினாலும் இப்பறவையின் துன்பம் தீர்ந்துவிடாது. சூரைமீன் பிடிக்க நீண்ட தூண்டில் கயிறுகளை இறக்கும் கப்பல்களின் பின்னால் பறந்துவந்து, இரையோடு தூண்டில் முள்ளையும் விழுங்கி, முதிர்ந்த பறவைகள் மூழ்கிச் சாகின்றன. இரவில் மட்டும் கயிறு இறக்குவது, விரைவில் அமிழும்படி எடை கட்டுவது, பறவைகளை விரட்டும் நாடாக்களைக் கப்பலின் பின்புறம் பறக்கவிடுவது என்று செலவு குறைந்த வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பொதுக்கடலில் அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கத்தான் போதிய ஆள் இல்லை. எலிக்காக இரங்குகிறவர்கள் இந்தக் கண்காணிப்பைக் கேட்டும் ஒரு மனு எழுதினால், அதில் முதல் ஆளாகக் கையெழுத்திட எனக்குத் தயக்கமில்லை.