அது அடங்கவில்லை, உறைந்துபோனது

அந்த வீடியோவை நேற்றிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். ஒரு நாய் ட்ரெயினர், நாயை மல்லாத்திக் கழுத்தை அழுத்துகிறார். இரண்டு நிமிடத்தில் அது அசையாமல் கிடக்கிறது. பின்னணியில் மாஸ் மியூசிக். கீழே "என்னமா அடக்கிட்டாரு!" என்று கைதட்டல்.

அது அடங்கவில்லை ஐயா, உறைந்துபோனது. காது பின்னால் ஒட்டியிருக்கிறது, வால் காலுக்குள் போய்விட்டது, மூக்கைத் திரும்பத் திரும்ப நக்குகிறது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரிகிறது. இதற்குப் பெயர் பயிற்சி என்றால் மிரட்டலுக்கு என்ன பெயர்?

"நாய் ஓநாய் வம்சம், நாமதான் தலைவன்னு காட்டணும்" என்று எனக்குப் பாடம் எடுத்த அறிஞருக்கு: அந்தக் கதை கிளம்பியது 1947இல், ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் அடைபட்டுக் கிடந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து. 1970இல் தன் புத்தகத்தில் அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், 1999இல் தானே அதை மறுத்து எழுதினார். காட்டில் இருப்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற குடும்பம்தானாம். அந்தப் புத்தகத்தை இனி அச்சிடாதீர்கள் என்று பதிப்பகத்திடம் கெஞ்சியவரும் அவரே. எழுதியவர் விட்டுவிட்டார், நாம் விடமாட்டோம்.

எனக்கு மட்டும் என்ன தெரியும் என்று கேட்கலாம். தெரியும். என் முதல் நாய்க்கு இப்படி ஒருவரைத்தான் வைத்தேன். "நீங்க இருந்தா செல்லம் கொஞ்சும், உள்ள போங்க" என்றார். போனேன். சோக் செயினை, அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை, அவர் சுண்டும்போது அது கத்திய சத்தம் கேட்டது. டீவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன். ஆமாம், நான்தான்.

ஒரு மாதத்தில் நாய் உறுமுவதையே விட்டுவிட்டது. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் அக்கா மகன் அதன் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் கை நீட்டினான். முன்னறிவிப்பே இல்லாமல் கடித்துவிட்டது என்றார்கள். முன்னறிவிப்பைத்தான் காசு கொடுத்து அடித்து நிறுத்தியிருந்தேனே! உறுமியபோதே தள்ளி நின்று, தட்டில் இருப்பதைவிடப் பிடித்த ஒரு துண்டைப் போட்டுப் பழக்கியிருந்தால், மனிதன் வந்தால் நல்லது வரும் என்று அது கற்றிருக்கும்.

"கடிக்க வர்ற நாய்க்கு பிஸ்கட் நீட்டுவீங்களா?" நியாயமான கேள்வி, கிண்டல் தொனியை விட்டுவிடுகிறேன். நீட்டமாட்டேன். கயிறு, கதவு, வாய்ப்பூட்டு எல்லாம் வேண்டும். அந்த வாய்ப்பூட்டையும் தின்பண்டம் வைத்து, அதுவே மூக்கை நுழைக்கும்படி பழக்கலாம். கடிக்கிற நாய்க்கும் வெகுமதி வழிதான் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் விலங்கு நடத்தையியல் சங்கம் 2021இல் எழுதியே வைத்திருக்கிறது. "போலீஸ் நாய்க்கு?" உங்கள் வீட்டில் இருப்பது போலீஸ் நாயா?

ட்ரெயினர் என்று சொல்லிக்கொள்ளப் பெரும்பாலான நாடுகளில் உரிமமே வேண்டாம். அதனால் நீங்கள்தான் கேட்கவேண்டும். என் நாய் தப்பு செய்தால் அதை என்ன செய்வீர்கள்? சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள்? பக்கத்தில் நின்று பார்க்கலாமா? "15 நாள் கியாரண்டி" என்பவரிடமும் "உள்ள போங்க" என்பவரிடமும் நாயை விட்டுவிடாதீர்கள்.

"அடியாத மாடு படியாது" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இது மாடில்லை. மாட்டையும் அடிக்கவேண்டாம். அப்புறம், "பிள்ளை இல்லாதவங்களுக்கு நாய்தான் பிள்ளை, விடுங்க" என்று போட்டவரே, என் வீட்டில் சாப்பிட்டுப் போனவர் நீங்கள். அதற்குப் பதில் இல்லை. கமெண்ட்டை அழிக்கவும் மாட்டேன், இருக்கட்டும்.

அந்த மியூசிக்கை ம்யூட் செய்துவிட்டு வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். ஓரத்தில், கதவுப் பக்கம், நாயின் சொந்தக்காரம்மா நிற்கிறார். நடுவில் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எல்லாரையும் திட்டிவிட்டேன், அவரை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை.