பளபளப்பை விட்டு லாக்புக்கைப் பாருங்கள்

"ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது, இற்றுப்போகாது, அதனால் பழைய கிளைடர் (எஞ்சின் இல்லாத சிறு விமானம்) எத்தனை மணி நேரம் பறந்திருந்தாலும் கவலையில்லை" என்று, பழைய கிளைடர் வாங்குவது பற்றிப் பேசும்போது ஒருவர் சொல்லியிருக்கிறார். துருப்பிடிக்காது என்பது சரிதான். ஆனால் பறந்த மணிக்கணக்கு கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. 1960, 70களில் வந்த பல ஜெர்மன் ஃபைபர்கிளாஸ் கிளைடர்களுக்கு 3000 மணி நேரத்தில் விரிவான கட்டமைப்புப் பரிசோதனை உண்டு, அதில் தேறினால்தான் மேற்கொண்டு பறக்க அனுமதி, அப்புறம் 6000, 9000 என்று படிப்படியாக நீட்டிப்பார்கள், பலவற்றுக்கு 12000 மணியோடு சரி. ஆக, 2950 மணி ஓடிய கிளைடரை வாங்குகிறவர் அந்தப் பரிசோதனைச் செலவையும் சேர்த்தே வாங்குகிறார்.

நீங்களே சரிபார்க்கலாம், கஷ்டமில்லை. அந்த மாடலின் பராமரிப்புக் கையேட்டிலும் உற்பத்தியாளரின் தொழில்நுட்பக் குறிப்புகளிலும் வரம்பு எழுதியிருக்கும். பிறகு பறந்த மணிகளைப் பதிந்து வைக்கும் ஏடான லாக்புக்கை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகை அடுத்த பக்கத்தின் தலையில் அப்படியே வந்திருக்கிறதா என்று பாருங்கள், தவறு நுழைவது பெரும்பாலும் அங்கேதான். 3000 மணியைத் தாண்டியிருந்தால் பரிசோதனை முடித்ததற்கான பதிவு, தேதி, கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். கிளைடரில் பொறித்த வரிசை எண்ணும் லாக்புக்கில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.