மித்ரோவிச்சுக்கு ஒழுங்கா கிராஸ் போட்டுட்டு அப்புறம் பேசுங்க

செர்பியா ஃபுட்பால் டீமோட ஸ்ட்ரைக்கர் அலெக்ஸாண்டர் மித்ரோவிச் பேர எடுத்தாலே "அவன் செகண்ட் டிவிஷன் பிளேயர்ப்பா, பெரிய லீக்ல வேகாது"ன்னு தான் பாதி பேர் சொல்றாங்க. இப்போ அதோட "காசுக்காக சவுதி போனவன்"னு இன்னொண்ணும் சேந்துருச்சு. பத்து வருஷமா இவர் ஆடுறத பாத்துட்டு வர்றேன், இதக் கேக்கும்போதெல்லாம் மனசு ஆறவே மாட்டேங்குது, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

செர்பியாவுல ஸ்மெடெரெவோ ஊர்க்காரர், 1994ல பொறந்தவர். பார்டிசான் கிளப்ல ஆரம்பிச்சு 18 வயசுல பெல்ஜியம் போய் ஆண்டர்லெக்ட்ல சேந்து முத சீசனே சாம்பியன். அந்த 2013ல தான் செர்பியா 19 வயசுக்குட்பட்டோர் யூரோ கப்பையும் ஜெயிச்சுது, டோர்னமென்ட்டோட சிறந்த பிளேயர் இவரே. 2015ல இங்கிலாந்து கிளப் நியூகாசில். அங்க முத மேட்ச்ல சப்ஸ்டிட்யூட்டா இறங்கி அரை நிமிஷம் கூட ஆகல, மஞ்ச கார்டு வாங்கிட்டார். அந்த முத சீசன்லயே டீம் செகண்ட் டிவிஷனுக்கு ரெலிகேட் ஆச்சு, "கோவக்காரன், அவ்ளோதான்"னு முத்திரை குத்தி ஓரமா வெச்சுட்டாங்க.

2018 ஜனவரில லோன்ல, செகண்ட் டிவிஷன்ல இருந்த ஃபுல்ஹாம் கிளப்புக்கு வந்தாரு, 12 கோல் அடிச்சாரு, டீம் முத டிவிஷனான பிரீமியர் லீக் ஏறுச்சு. நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் வர்ற ரெண்டு சீசன பத்தி. 2020-21ல ஸ்காட் பார்க்கர் கோச், பிரீமியர் லீக்ல மித்ரோவிச் அடிச்சது வெறும் 3 கோல், டீம் கீழ இறங்குச்சு. அடுத்த சீசன் மார்கோ சில்வா வந்தாரு, அதே ஆளு, அதே கால், அதே தலை, 44 மேட்ச்ல 43 கோல்! அதுக்கு முந்தின சீசன் ஐவன் டோனி அடிச்ச 31 தான் செகண்ட் டிவிஷனுக்கு சாம்பியன்ஷிப்னு பேர் மாத்தினதுக்கப்புறம் இருந்த ரெக்கார்டு, அத 12 கோல் வித்தியாசத்துல தாண்டிட்டாரு. ஒரு வருஷத்துல ஒருத்தனுக்கு புதுசா ஃபுட்பால் ஆடத் தெரிஞ்சுருமா என்ன? பார்க்கர் பல மேட்ச்ல இவர பெஞ்ச்ல உக்கார வெச்சுட்டு ஓரத்துல ஆடுற கவலேரோவ நடுவுல ஆட வெச்சாரு, இவர் இறங்குன மேட்ச்லயும் பாக்ஸுக்குள்ள பந்து வரல. சில்வா ரெண்டு பக்கமும் விங்கர்ஸ விட்டு உள்ள பந்தா அனுப்ப வெச்சாரு, அவ்ளோ தான் விஷயம்.

இவர் ஆடும்போது பந்த பாக்காதீங்க, ஒரு பத்து நிமிஷம் இவர மட்டும் பாருங்க. கிராஸ், அதாவது ஓரத்துல இருந்து கோல் பக்கம் தூக்கிப் போடுற பந்து, வரப்போகுதுன்னு தெரிஞ்சா நடுவுல நிக்குற டிஃபென்டரான சென்டர் பேக்கோட மல்லுக்கட்டிட்டு நிக்க மாட்டாரு, மெதுவா நழுவி அந்தப் பக்க போஸ்ட்டுக்குப் போய் ஓர டிஃபென்டரான ஃபுல்பேக் முதுகுக்குப் பின்னாடி நிப்பாரு, பந்து வரும்போது அந்த ஃபுல்பேக்குக்கு மேல எழும்பிடுவாரு. 2022 ஆகஸ்ட்ல, சீசனோட முத மேட்ச், லிவர்பூலுக்கு எதிரா அப்படியே நடந்துச்சு, ஃபுல்ஹாமோட டெட்டே போட்ட கிராஸ், அலெக்ஸாண்டர்-அர்னால்ட் தலைக்கு மேல ஹெட்டர். 2-2ல முடிஞ்ச அந்த மேட்ச்ல ரெண்டு கோலும் இவருது. அந்த சீசன் பிரீமியர் லீக்ல 24 மேட்ச்ல 14 கோல். பெரிய லீக்ல வேகாதாம்!

தப்பே பண்ணாத ஆள்னு நான் சொல்லல. 2023 மார்ச், எஃப்ஏ கப் குவார்ட்டர் ஃபைனல், ஓல்ட் டிராஃபோர்டுல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரா இவரே கோல் போட்டு 1-0ன்னு முன்னாடி நிக்குறாங்க. ஃபுல்ஹாமோட வில்லியன் கையில பந்து பட்டு பெனால்டி, அந்த களேபரத்துல சில்வாவுக்கு ரெட், வில்லியனுக்கு ரெட், இவர் போய் ரெஃப்ரி கையப் புடிச்சுத் தள்ளி இவருக்கும் ரெட். 3-1ன்னு தோத்தாங்க, 8 மேட்ச் தடை. ரெஃப்ரி மேல கை வெச்சது பெரிய தப்பு, அந்த தடை நியாயம் தான். அன்னிக்கு எனக்கு ரொம்ப வலிச்சுது.

ஆனா இந்த மனுஷன் மேல எனக்கு இவ்ளோ பிரியம் வரக் காரணம் கிளப் இல்ல, நேஷனல் டீம். 2020 நவம்பர் 12, பெல்கிரேடு, கொரோனா நேரம், ஸ்டேடியத்துல கூட்டமே இல்ல, யூரோ கப்புக்குத் தகுதி பெற கடைசி வாய்ப்பான பிளேஆஃப், ஸ்காட்லாந்தோட 1-1, பெனால்டி ஷூட் அவுட். ஸ்காட்லாந்து அஞ்சும் போட்டாச்சு, செர்பியாவுக்கு அஞ்சாவது இவருது. ஸ்காட்லாந்து கோல்கீப்பர் மார்ஷல் தடுத்துட்டாரு. தடுத்ததும் கொண்டாடக் கூட இல்ல, சேவ் செல்லுமான்னு ரெஃப்ரிய பாத்துட்டு நின்னாரு, அந்த ரெண்டு செகண்ட் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. ஸ்காட்லாந்து 1998க்கு அப்புறம் முத தடவையா பெரிய டோர்னமென்ட்டுக்குப் போச்சு, செர்பியா வீட்டுக்குப் போச்சு, பழி முழுக்க ஒரே தலையில.

சரியா ஒரு வருஷம், ரெண்டு நாள். 2021 நவம்பர் 14, லிஸ்பன். போர்ச்சுகலுக்கு டிரா போதும், உலகக்கோப்பைக்கு நேரா போயிடுவாங்க. ரெண்டாவது நிமிஷமே ரெனாட்டோ சான்செஸ் கோல், அப்புறம் செர்பியாவோட டாடிச் சமன் பண்ணாரு. மித்ரோவிச் செகண்ட் ஹாஃப்ல தான் உள்ள வந்தாரு. நம்ம ஊர்ல மணி ராத்திரி மூணு, வீட்ல எல்லாரும் தூங்குறாங்க, சத்தத்த அணைச்சுட்டு ஃபோன்ல பாத்துட்டு இருக்கேன். 90ஆவது நிமிஷம் டாடிச்சோட கிராஸ், அந்தப் பக்க போஸ்ட், யாருன்னு சொல்லவே வேணாம், ஹெட்டர், கோல். ரொனால்டோ டீம பிளேஆஃபுக்கு அனுப்பிட்டு செர்பியா கத்தார் போச்சு. அன்னிக்கு வாயப் பொத்திட்டு நான் அழுதுட்டேன்.

சவுதி விஷயம். 2023ல அங்க அல் ஹிலால் கிளப்புக்குப் போனாரு, காசுக்குத் தான் போனாரு, போகட்டுமே. பெல்ஜியம், நியூகாசில், ஃபுல்ஹாம்னு பத்து வருஷம் அடி வாங்கி, திட்டு வாங்கி ஆடின ஆளு. போன இடத்துலயும் சும்மா இல்ல, முத சீசன் லீக்ல 28 கோல், டீம் ஒரு லீக் மேட்ச் கூட தோக்காம சாம்பியன். இப்போ கத்தார்ல அல் ரய்யான்.

செர்பியாவுக்கு 60 கோலுக்கு மேல அடிச்சுட்டாரு, பழைய யுகோஸ்லாவியா காலத்து ஸ்டியெபான் போபெக்கோட 38 கோல் ரெக்கார்ட 2021லயே தாண்டியாச்சு. ஆனா 2026 உலகக்கோப்பைக்கு செர்பியா போகல, அல்பேனியாகிட்ட சொந்த மண்ணுல தோத்து குரூப்ல மூணாவதா முடிச்சாங்க. 2030 உலகக்கோப்பை வரும்போது இவருக்கு 35 வயசு. அதுவரைக்கும் ஆடுவாரான்னு யோசிச்சுட்டே நேத்து ராத்திரி அந்த லிஸ்பன் கோல திரும்ப ஒரு பத்து தடவ போட்டுப் பாத்தேன்.