இந்த வருஷ டயரியில் முதல் வரி எனக்கு

புது டயரி கைக்கு வந்து ஒரு கிழமை ஆகிறது. வருஷா வருஷம் அதில் நான் முதலில் குறிப்பது மாச முடிவு றிப்போர்ட் திகதிகள், பிறகு வீடு வீடாகக் கலெக்‌ஷனுக்குப் போகிற பீல்ட் நாட்கள், அதற்குப் பிறகு பிள்ளைகளின் பரீட்சை. இந்த முறை பேனையை எடுத்ததும் எழுதியது வேறு. ஜனவரி இரண்டாம் செவ்வாய், காலை 8.30, வெறும் வயிற்றில் இரத்தம் குடுக்கவேண்டும், அரை நாள் லீவு. சிவப்பு மையால் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

காரணம் இருக்கிறது. கார்த்திகை மாசம் பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்கு அயல்வீட்டு அக்கா போனபோது துணைக்குப் போனேன். 35 வயது தாண்டியவர்களுக்கு அங்கே எச்.எல்.சி (ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம்) கிளினிக்கில் சீனி, பிரசர் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள், நீயும் பார் என்று அவதான் இழுத்துக்கொண்டு போனா. எனக்குச் சீனி 118 வந்தது. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் சரி, 126க்குப் போய்விட்டால் சீனி வருத்தம், நான் இரண்டுக்கும் நடுவில். டொக்டர் வெருட்டவில்லை. "இப்ப கவனிச்சால் திருப்பலாம், விட்டால் கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். வெளியே வாங்கில் இருந்தபோது அம்மாவின் இடது கால்தான் கண்ணுக்குள் நின்றது. 58 வயதில் அவவுக்குப் பெருவிரல் எடுத்தார்கள். அம்மாவும் அதற்கு முன்னம் பல வருஷம் "வேலை முடியட்டும், மறுகா காட்டுவம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தா.

நானும் மூன்று வருஷமாக ஜனவரி முதலாம் திகதி தீர்மானம் எடுத்திருக்கிறேன். விடிய எழும்பி மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் நடப்பது, இரவில் சோறு குறைப்பது. எங்கட ஊரில் ஜனவரி என்றால் மழை, சில வருஷம் வெள்ளம் முற்றத்தில் நிற்கும், ஆகவே மழையைச் சொல்லி விட்டுவிடுவது லேசு. ஆனால் மழை விட்ட பிறகும் நான் நடக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் பிழை வேறு இடத்தில். உடம்புக்கான எல்லாவற்றையும் வேலை போக மிஞ்சுகிற நேரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். 4.30க்கு எழும்பி பிட்டு அவித்து, கறி வைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, ஆரையம்பதியில் பஸ் ஏறி, 8.30க்கு ஒபிஸ், வீடு வர ஆறு, பிறகு ரியூசன் ஓட்டம், சமையல், ஒன்பதரைக்கு வட்ஸ்அப் குறூப்பில் "இன்றைய கலெக்‌ஷன் அனுப்பவும்". இதில் மிஞ்சிய நேரம் எங்கே இருக்கிறது? எனக்கு மட்டுமில்லை, வேலைக்குப் போகிற எந்தப் பொம்பிளைக்கும் அது இல்லை. ஆகவே இந்த வருஷம் நான் வைத்திருப்பதெல்லாம் வேலை நாளுக்குள்ளேயே செய்கிற விஷயங்கள்.

முதலாவது தண்ணீர். இதைப் பற்றி யாரும் வாய் திறந்து கதைப்பதில்லை, அதனால் நான் கதைக்கிறேன். கிழமைக்கு இரண்டு நாள் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் பீல்ட் போகிறேன். போகிற நாளில் காலையில் ஒரு மிடறு தேத்தண்ணியோடு நிறுத்திவிடுவேன், பின்னேரம் வீடு வரும்வரை தண்ணீர் குடிக்கமாட்டேன், ஏனென்றால் வழியில் பாத்ரூம் போக இடமில்லை. என்னோடு வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான். சித்திரை, வைகாசி வெயிலில் தலையிடியோடு, வாய் காய்ந்து, வீடு வீடாக ஏறி இறங்குவோம். போன வருஷம் இரண்டு தடவை எனக்குச் சலத்தில் கிருமி வந்து மருந்து எடுத்தேன், எங்களில் இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வார்டில் வைத்தார்கள். அப்படியிருக்க, வருஷத்தில் ஒரு நாள் எல்லோரையும் கூட்டி யோகா படிப்பித்துப் படம் எடுத்துப் போடுகிற நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பொம்பிளைகளுக்கென்று பூட்டுள்ள, தண்ணீர் வருகிற ஒரு கழிவறையைத் தாருங்கள், பீல்ட் போகிற பாதையில் எங்கே நின்று போகலாம் என்று ஒழுங்கு செய்யுங்கள். எங்கள் சுகத்துக்கு அதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் சீனி. ஒபிஸில் பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, மூன்று மணிக்கு ஒன்று, வீட்டில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம் என்று வைத்தாலும் 48 கிராம் வருகிறது. ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டவேண்டாம், 25க்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு பணிஸ்கூடக் கடிக்காமல், தேத்தண்ணியிலேயே நான் அந்த எல்லைக்கு வந்துவிட்டேன். ஒபிஸில் தேத்தண்ணி போடுகிற அக்காவிடம் எனக்குச் சீனி வேண்டாம் என்றபோது, கரண்டியைக் கையில் பிடித்தபடி "ஏன் புள்ள, வருத்தம் வந்திட்டா?" என்று கேட்டா. வராமல் இருக்கத்தான் அக்கா என்றேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் என் கோப்பையின் பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது, மாறிப் போகாமல் இருக்க. இப்போது தட்டில் மூன்று கோப்பைக்கு நூல் கட்டியிருக்கிறது.

நடையையும் வேலைக்குப் போகிற வழியிலேயே வைத்துவிட்டேன். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்தால் போதும் என்கிறார்கள், அதை ஒரேயடியாக நடக்கவும் தேவையில்லை. கல்லடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, 1924இல் திறந்த அந்தப் பழைய பாலத்தால் நடந்து டவுனுக்குள் வர எனக்கு 25 நிமிஷம் எடுக்கிறது. காலையில் வாவிக் காற்று, தூண்டில் போடுகிற ஆட்கள், கீழே தோணி. மழை பெய்தால் நடக்கமாட்டேன், அதற்காக அன்றைக்கு முழுக்க மனம் நொந்துகொள்ளவும் மாட்டேன்.

லீவு விஷயம் எனக்கே புதிது. கடை, ஒபிஸ் ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி வருஷ லீவு 14 நாள், அதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக எடுக்கவேண்டும், அதற்கு மேலே 7 நாள் கஷுவல். போன வருஷம் நான் எடுத்தது மொத்தமாக ஐந்து நாள், அதுவும் மூன்று நாள் பிள்ளையின் காய்ச்சலுக்கு. இந்த முறை சித்திரைப் புத்தாண்டோடு சேர்த்து ஏழு நாளையும் இப்போதே எழுதிக் குடுத்துவிட்டேன். மேனேஜரோடு நேரே இருந்து கதைத்தேன், இரவு ஏழு மணிக்குப் பிறகு கணக்கு அனுப்பமாட்டேன், காலை 8.30க்கு அனுப்புகிறேன் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு சரி என்றார். அவரும் பிரசர் குளிசை போடுகிறவர்.

இப்படிக் கேட்க எல்லோராலும் ஏலாது என்று தெரியும். விடிய ஐந்து மணிக்குக் கார்மென்ட் பஸ் ஏறுகிற பிள்ளைகள் லீவு கேட்டால் சம்பளத்தில் வெட்டு விழும். கூலிக்குப் போகிறவருக்கு லீவென்றால் பட்டினி. அதனால்தான் வாய் திறந்து கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிற நாங்களாவது கேட்கவேண்டும் என்கிறேன். வேலைப் பளுவால் ஆள் ஓய்ந்துபோகிற நிலையை (பேர்ன்-அவுட்) 2019இல் உலக சுகாதார நிறுவனம் தொழிலோடு வருகிற ஒன்றாகத்தான் குறித்தது. அப்படியென்றால் அதற்கான பரிகாரத்தையும் தொழில் செய்கிற இடத்தில்தானே தேடவேண்டும்? மாச முடிவில் பைல் அறைக்குள் நின்று அழுத ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அவளிடம் போய் விடிய எழும்பி நட என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு 1926 இலக்கத்தைக் குடுத்தேன், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி அது, எந்நேரமும் எடுக்கலாம். பக்கத்தில் இருந்து அவளுடைய கணக்கையும் முடித்துக் குடுத்தேன்.

35 வயதாகிற தங்கச்சிமார், எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை அங்கே இலவசம். திகதியைக் கேட்டு உங்கள் டயரியில் எழுதுங்கள், லீவையும் கையோடு போடுங்கள்.

நாளைக்கு எனக்கு மண்டூர்ப் பக்கம் பீல்ட். ஒரு லீட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பிப் பைக்குள் வைத்தாயிற்று. குருமண்வெளியில் வாவியைக் கடக்கிற பாதையில் (மிதவைப் படகில்) ஏறியதும் பாதியைக் குடித்துவிடுவேன். அக்கரை போய் முதல் வீட்டு அக்காவிடம், கணக்குக் கொப்பியை விரிப்பதற்கு முன்னமே, "பாத்ரூம் ஒருக்கா பாவிக்கலாமா அக்கா" என்று கேட்கப் போகிறேன்.